இரட்டை நகர்கதவுகளின் ஒருங்கியக்கம்: மின்தூக்கித் தளக்கதவின் வட இணைப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

நடுவில் பிரிந்து இருபுறமும் நகரும் இரட்டைக் கதவுகளை ஒரே வேளையில், ஒரே அளவில், எதிரெதிர்த் திசைகளில் இயக்குவதற்குப் பல வழிமுறைகள் வழக்கில் உள்ளன. அவற்றுள் எளியதும் பரவலானதும் இரு கப்பிகளைச் சுற்றி ஓடும் மூடிய வடமாகும். இவ்வடத்தின் இயக்க விதியையும், மாற்று வழிமுறைகளோடு ஒப்பிடுகையில் அதன் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. மின்தூக்கியின் தளக்கதவில் பூட்டு ஒரு பலகையில் மட்டும் அமைவதால், மற்றப் பலகையின் பாதுகாப்பு முழுவதும் வடத்தைச் சார்ந்து நிற்கிறது. வடத்தின் இரு வழிகளுள் எது அறுந்தால் இடர் நேரும், எது அறுந்தால் நேராது என்பது இங்குப் பகுத்துக் காட்டப்படுகிறது. இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவுறச் சொல்வதற்கான கலைச்சொற்களும் முன்மொழியப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நகர்கதவு, ஒருங்கியக்கம், மூடிய வடம், தளக்கதவு, மின்தூக்கிப் பாதுகாப்பு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

மின்தூக்கியின் வாயிலில் நிற்பவர் இரு பலகைகள் நடுவிலிருந்து பிரிந்து விலகுவதையும், மீண்டும் நடுவில் வந்து பொருந்துவதையும் நாள்தோறும் காண்கிறார். இரண்டும் ஒன்றாகவே புறப்படுகின்றன, ஒன்றாகவே நிற்கின்றன. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே ஒரு மின்பொறி இருக்கும் என்று கருதுவது இயல்பு. ஆனால் தளத்தில் உள்ள கதவுக்கு மின்பொறியே கிடையாது. அதன் ஒரு பலகையை மின்தூக்கிக் கூண்டின் கதவு இழுத்துச் செல்கிறது; மற்றப் பலகையை ஒரு மெல்லிய கம்பிவடம் இழுத்துச் செல்கிறது.

இவ்வடம் ஒரு வசதிக்கான துணையுறுப்புப் போலத் தோன்றினும், உண்மையில் அது பூட்டின் ஒரு பகுதியாகவே செயற்படுகிறது. கூண்டு வேறொரு தளத்தில் நிற்கும்போது, தளக்கதவுக்கு அப்பால் இருப்பது வெறும் பள்ளமே. ஆகவே வடத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்வது உயிர்ப்பாதுகாப்பைச் சார்ந்த பொருளாகிறது. இயந்திரவியல், கலைச்சொல்லியல் ஆகிய இரு நோக்கில் இப்பொருளை இக்கட்டுரை அணுகுகிறது.

1. சுழல்கதவிலிருந்து நகர்கதவுக்கு

இரு கதவுகளை ஒருங்கே திறக்கும் எண்ணம் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோன் தம் காற்றியல் நூலில், பலிபீடத்தில் தீ மூட்டினால் தாமாகத் திறக்கும் கோயிற்கதவுகளை விவரித்துள்ளார். தீயின் வெப்பத்தால் விரிவடையும் காற்று, மூடிய கலத்திலுள்ள நீரைத் தள்ளி ஒரு வாளியில் சேர்க்கும். கனத்த வாளி கீழிறங்கும்போது, தரைக்கடியில் நீளும் இரு கதவுத்தூண்களில் சுற்றப்பட்ட கயிறுகளை இழுக்கும். தூண்கள் சுழல, கதவுகள் திறக்கும். தீ அணைந்து நீர் திரும்பியதும், மறுதிசையில் சுற்றிய கயிற்றில் தொங்கும் எடை கதவுகளை மூடும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கயிறு இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆதலால் திறப்பதற்கு ஒரு கயிறும் மூடுவதற்கு மற்றொரு கயிறும் ஈரோனுக்குத் தேவைப்பட்டன. கயிற்றின் இவ்வடிப்படை இயல்பு இன்றைய மின்தூக்கிக் கதவிலும் மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஈரோனின் கதவுகள் தூணில் சுழல்பவை. தமிழகத்து மரபுக் கதவுகளும் அவ்வாறே குடுமியில் சுழல்பவை. சுழல்கதவு தான் திறக்கும் பரப்பை வெறுமையாக வைத்திருக்கக் கோரும். ஆட்கள் நெருங்கி நிற்கும் மின்தூக்கி வாயில், தொடர்வண்டி நடைமேடை, கடை முகப்பு போன்ற இடங்களில் அவ்வெறுமை கிடைப்பதில்லை. நகர்கதவு சுவரோடு ஒட்டி நகர்வதால் அவ்விடர்ப்பாடு நீங்குகிறது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்துக் கார்பசு கிறிசுடி நகரில் டீ ஆர்ட்டன், லூ இயூவிட் ஆகியோர் தானியங்கி நகர்கதவை உருவாக்கினர். அந்நகரின் பலத்த காற்றில் சுழல்கதவுகளை இயக்குவது கடினமாயிருந்ததே அவர்களைத் தூண்டியது. இன்று சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைத் திரைக்கதவுகளும் நடுவில் பிரியும் இரட்டை நகர்கதவுகளாகவே அமைந்துள்ளன.

2. மூடிய வடத்தின் இயக்க விதி

வாயிலின் மேற்சட்டத்தில் இடக்கோடியில் ஒரு கப்பியும் வலக்கோடியில் ஒரு கப்பியும் பொருத்தப்படுகின்றன. இரண்டையும் சுற்றி ஒரு வடம் முனையின்றி வளையமாக ஓடுகிறது. இவ்வளையத்திற்கு மேலிழை, கீழிழை என இரு இழைகள் உண்டு. மேலிழை வலப்புறம் நகர்ந்தால் கீழிழை இடப்புறம் நகரும். இடப்பலகையை மேலிழையோடும் வலப்பலகையைக் கீழிழையோடும் பற்றுக்கருவியால் இறுக்கிவிட்டால், ஒன்று நகரும் போதெல்லாம் மற்றது அதே தொலைவு எதிர்த்திசையில் நகர்ந்தாக வேண்டும்.

இதனைச் சற்று நுணுகிக் காண்போம். இடக்கப்பியிலிருந்து இடப்பலகையின் பற்றிடம் வரையுள்ள தொலைவை 'அ' என்றும், அதே கப்பியிலிருந்து வலப்பலகையின் பற்றிடம் வரையுள்ள தொலைவை 'ஆ' என்றும் கொள்வோம். ஒரு பற்றிடத்திலிருந்து இடக்கப்பியைச் சுற்றி மற்றப் பற்றிடத்தை அடையும் வடத்தின் நீளம், கப்பியைத் தழுவும் சிறு வளைவு நீங்கலாக, அ + ஆ ஆகும். வடம் நீளாதது, பற்றிடங்கள் நழுவாதவை. எனவே அ + ஆ எப்போதும் மாறாதது. 'அ' 100 மி.மீ. குறைந்தால் 'ஆ' 100 மி.மீ. கூடியே தீரும். கப்பியின் விட்டமோ, பலகைகளின் எடையோ, எப்பலகை இழுக்கப்படுகிறது என்பதோ இவ்விதியில் இடம்பெறவில்லை. ஒருங்கியக்கம் என்பது இங்கு வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் கிடைப்பதன்று. நீளம் மாறாமையால் கிடைப்பது.

இவ்விதியிலிருந்து நடைமுறை சார்ந்த ஒரு விளைவும் பெறப்படுகிறது. இரு பலகைகளும் சந்திக்கும் கோடு வாயிலின் நடுவில் அமைவது பற்றிடங்களைப் பொறுத்தது. ஒரு பற்று 6 மி.மீ. நழுவினால், ஒரு பலகை தன் எல்லையை அடைந்த பின்னும் மற்றது 6 மி.மீ. பின்தங்கி நிற்கும், அல்லது சந்திப்புக்கோடு நடுவிலிருந்து 3 மி.மீ. விலகும். நடுக்கோடு விலகியிருப்பதைக் கண்டால் கப்பியை அன்று, பற்றையே முதலில் ஆராய வேண்டும்.

3. மாற்று வழிமுறைகள்

மூடிய வடம் தவிர வேறு சில அமைப்புகளும் இதே பணியைச் செய்கின்றன.

பற்சக்கரமும் இரு பற்சட்டங்களும்: ஒரே பற்சக்கரத்தின் மேற்புறம் ஒரு சட்டமும் கீழ்ப்புறம் ஒரு சட்டமும் பொருந்தியிருக்கும். சக்கரம் சுழன்றால் சட்டங்கள் எதிரெதிரே நகரும். பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியால் பலகைகளில் ஓர் அசைவு எஞ்சும்.

இருதிசைத் திருகு: ஒரே தண்டின் ஒரு பாதியில் வலப்புரியும் மறுபாதியில் இடப்புரியும் வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது இரு மறைகளும் விலகும் அல்லது நெருங்கும். தொடர்வண்டிப் பெட்டிகளின் கதவுகளில் இவ்வமைப்பு பயன்படுகிறது.

வணரியும் இணைப்புத்தண்டுகளும்: ஒரு வட்டின் எதிரெதிர்ப் புள்ளிகளிலிருந்து இரு தண்டுகள் இரு பலகைகளுக்குச் செல்லும். வட்டு அரைச்சுற்றுச் சுழல, பலகைகள் முழுத் தொலைவையும் கடக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் தானே தணிந்து, நடுவில் மிகும். மின்னணுக் கட்டுப்பாடு பரவுவதற்கு முன் இவ்வியல்பு பெரிதும் பயன்பட்டது.

இவற்றுள் பற்சட்டம், திருகு, தண்டு ஆகியன இழுக்கவும் தள்ளவும் வல்ல விறைத்த உறுப்புகள். வடம், வார், சங்கிலி ஆகியன இழுக்க மட்டுமே வல்லவை. பின்வரும் ஆய்வு முழுவதற்கும் இப்பாகுபாடே அடிப்படை.

4. ஒருங்கியக்கத்தின் பயன்: நேரமும் ஆற்றலும்

ஒரே பலகையை ஒருபுறம் நகர்த்தினால் போதாதா என்னும் வினா எழலாம். விடை, மூடும் கதவு மனிதர் மீது மோதும்போது அதன் இயக்க ஆற்றலைப் பொறுத்தது. ஐரோப்பியத் தர ஆவணமான இஎன் 81-20, கதவும் அதனோடு இணைந்த உறுப்புகளும் சராசரி மூடுவேகத்தில் கொள்ளும் இயக்க ஆற்றல் 10 ஜூலைத் தாண்டலாகாது என வரையறுக்கிறது. தடையை உணர்ந்து மீளத் திறக்கும் கருவி செயற்படாத நிலையில் இவ்வரம்பு 4 ஜூல் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வாயிலின் அகலம் 900 மி.மீ.; நகரும் உறுப்புகளின் மொத்த நிறை 100 கி.கி. 10 ஜூல் வரம்புக்குள் அனுமதிக்கத்தக்க சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.45 மீட்டர். ஒற்றைப் பலகையாயின் 900 மி.மீ. கடக்க 2 நொடிகள் தேவை. அதே நிறையை இரு பலகைகளாகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 450 மி.மீ. மட்டும் கடந்தால் போதும். 1 நொடியில் கதவு மூடிவிடும். ஆற்றல் கூடவில்லை, நேரம் பாதியாகிறது. பல தளங்களில் நின்று செல்லும் மின்தூக்கியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிஞ்சும் இந்நொடி, நாளின் முடிவில் பெருந்தொகையாகத் திரளும்.

மற்றொரு பயனும் உண்டு. சம நிறையுள்ள இரு பலகைகள் சம வேகத்தில் எதிரெதிரே நகரும்போது அவற்றின் உந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆகவே கூண்டில் நிற்பவருக்குப் பக்கவாட்டு அதிர்வு குறைகிறது.

5. தளக்கதவு: ஒன்றை இழுத்தால் இரண்டும் நகரும் இடம்

மின்தூக்கியில் இரு கதவுகள் உள்ளன. கூண்டோடு பயணிக்கும் கூண்டுக்கதவு ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் நிலையாக உள்ள தளக்கதவு மற்றொன்று. மின்பொறி கூண்டுக்கதவில் மட்டுமே உள்ளது. கூண்டு ஒரு தளத்தை அடைந்ததும், கூண்டுக்கதவில் நெடுக்காக அமைந்த இணைவலகுகள், தளக்கதவின் பூட்டிலுள்ள சிறு உருளைகளைப் பற்றுகின்றன. அப்பற்று முதலில் பூட்டை விடுவிக்கிறது. பின்னர்க் கதவை இழுக்கிறது.

இவ்வுருளைகள் ஒரு பலகையில் மட்டுமே உள்ளன. அதனை முன்னோடிப் பலகை என்போம். மற்றது பின்தொடர் பலகை. முன்னோடிப் பலகைக்குப் பூட்டு உண்டு. இயக்கும் விசை நேரே கிடைக்கிறது. பின்தொடர் பலகைக்கு இரண்டும் இல்லை. அது திறப்பதும் மூடுவதும் மூடிய நிலையில் நிற்பதும் வடத்தின் வழியாகவே நிகழ்கின்றன.

பூட்டைக் குறித்துத் தரஆவணம் கண்டிப்பானது. கொக்கி குறைந்தது 7 மி.மீ. உட்புகுந்த பின்னரே மின்தொடுகை இணைந்து கூண்டு புறப்பட அனுமதி கிடைக்க வேண்டும். மேலும், கூண்டு அத்தளத்தில் இல்லாதபோது தளக்கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். இதற்கென எடையோ சுருள்வில்லோ கதவில் இணைக்கப்படுகிறது. அவ்விசையும் ஒரு பலகையில் செயற்பட்டு, மற்றதை வடத்தின் வழியே அடைவது பெரும்பாலான வழக்கம்.

6. இழுவிசையும் இடைவெளியும்

முன்னோடிப் பலகை பூட்டப்பட்டுள்ள நிலையில், ஒருவர் பின்தொடர் பலகையைக் கையால் திறக்க முயல்வதாகக் கொள்வோம். அதனைத் தடுப்பது வடத்தின் விறைப்பு மட்டுமே. இந்நிலையைக் கருதியே, 150 நியூட்டன் கைவிசையால் மிகப் பாதகமான இடத்தில் இழுத்தாலும், நடுவில் பிரியும் கதவின் மொத்த இடைவெளி 45 மி.மீ. அளவைத் தாண்டலாகாது எனத் தரஆவணம் கூறுகிறது.

இரு பற்றிடங்களுக்கிடையே வடம் இரு வழிகளில் செல்கிறது: இடக்கப்பி வழி, வலக்கப்பி வழி. வடம் முன்கூட்டியே இழுத்து முறுக்கேற்றப்பட்டிருந்தால், பலகையை இழுக்கும் விசையை இரு வழிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் இழுவிசை கூடும், மற்றதில் குறையும். இரு வழிகளும் ஏறத்தாழ ஒத்த நீளமுடையன எனில், 150 நியூட்டனில் ஒவ்வொரு வழியின் பங்கும் 75 நியூட்டன். தொடக்க இழுவிசை 75 நியூட்டனுக்குக் குறையாதிருந்தால் எவ்வழியும் தொய்வதில்லை. அதற்குக் கீழே சென்றால் ஒரு வழி தொய்ந்துவிடும். எஞ்சிய வழி மட்டுமே தாங்குவதால் விறைப்பு பாதியாகும். வடமே தளர்ந்து தொங்குமாயின், அத்தளர்ச்சி முழுவதும் கதவின் இடைவெளியாக மாறிவிடும்.

ஆகவே, வடத்தை இறுக்கும் திருகு ஓசையைக் குறைப்பதற்கான துணைக்கருவி மட்டுமன்று. இரு பலகைகளுக்கிடையே விரல் நுழையுமா, கை நுழையுமா என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே.

7. வடம் அறுந்தால்

வடம் அறுந்தால் ஒருங்கியக்கம் கெடும் என்பது வெளிப்படை. ஆனால் எவ்விடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் வேறுபடுகிறது. மேற்கண்ட அமைப்பில் இடப்பலகை மேலிழையில் பற்றப்பட்ட முன்னோடி என்றும், வலப்பலகை கீழிழையில் பற்றப்பட்ட பின்தொடர் பலகை என்றும் கொள்வோம்.

திறக்கும்போது இடப்பலகை இடப்புறம் செல்கிறது. அது தன் வலப்பக்கத்து மேலிழையை இழுக்கிறது. அவ்விழுப்பு வலக்கப்பியைச் சுற்றி வந்து, வலப்பலகையை வலப்புறம் இழுக்கிறது. எனவே வலக்கப்பி வழி 'திறப்பு வழி' ஆகும். மூடும்போது இடப்பலகை வலப்புறம் சென்று, தன் இடப்பக்கத்து மேலிழையை இழுக்கிறது. அது இடக்கப்பியைச் சுற்றி வந்து வலப்பலகையை இடப்புறம் இழுக்கிறது. எனவே இடக்கப்பி வழி 'மூடல் வழி' ஆகும். ஈரோனின் இரு கயிறுகள் இங்கு ஒரே வளையத்தின் இரு பகுதிகளாக ஒடுங்கியுள்ளன.

திறப்பு வழி அறுந்தால், முன்னோடிப் பலகை திறக்கும். பின்தொடர் பலகை அசையாது நிற்கும். வாயில் பாதியே திறப்பதால் பழுது உடனே அனைவர் கண்ணிலும் படும். பயணிக்கு இடையூறேயன்றி இடரில்லை. ஏனெனில் மூடல் வழி இன்னும் பின்தொடர் பலகையைப் பூட்டிய பலகையோடு பிணைத்து நிற்கிறது.

மூடல் வழி அறுந்தால் நிலைமை தலைகீழாகிறது. திறப்பு வழக்கம்போல் நிகழும். மூடும்போது முன்னோடிப் பலகை மூடிப் பூட்டிக்கொள்ளும். பின்தொடர் பலகை திறந்த நிலையிலேயே நின்றுவிடும். யாரேனும் அதனைக் கையால் தள்ளி மூடிவிட்டால் கதவு பழுதற்றது போலத் தோன்றும். ஆனால் அதனை எதுவும் பிணைத்திருக்கவில்லை. ஒரு சிறுவன் தள்ளினாலும் அது திறக்கும். அப்பால் கூண்டு இல்லாத பள்ளம் இருக்கும். பூட்டு செவ்வனே இயங்குகிறது. பூட்டின் மின்தொடுகையும் இணைந்தே உள்ளது. எனினும் வாயில் காப்பற்றுக் கிடக்கிறது.

இவ்விடரை முன்னுணர்ந்தே தரஆவணம் இருவகை இணைப்புகளையும் வேறுபடுத்துகிறது. வடம், வார், சங்கிலி போன்றவற்றால் இணைக்கப்பட்ட பலகைகளுள் ஒன்றை மட்டும் பூட்டுவது ஏற்கத்தக்கதே. ஆனால் அப்பூட்டு மற்றப் பலகைகளும் திறவாதவாறு தடுக்க வேண்டும்; பூட்டப்படாத பலகையில் கைப்பிடி இருத்தலாகாது; அப்பலகை மூடியிருப்பதை உறுதிசெய்யத் தனியே ஒரு மின்பாதுகாப்புக் கருவியும் வேண்டும். பின்தொடர் பலகை மூடாத நிலையில் இத்தொடுகை விலகிநின்று, கூண்டு புறப்படுவதைத் தடுக்கும். வடத்தின் மீது வைத்த நம்பிக்கையை வடத்தைச் சாராத ஒரு சான்றால் சரிபார்ப்பதே இதன் உட்பொருள். பழுதுபார்ப்பின்போது இத்தொடுகையைத் தற்காலிகமாகக் குறுக்கிணைத்துவிட்டு அகற்ற மறப்பது, மேற்கண்ட இடருக்கு எதிரான ஒரே தடையை நீக்குவதாகும்.

8. கலைச்சொல் குறித்து

தமிழின் கதவுச் சொற்கள் பெரும்பாலும் சுழல்கதவைச் சார்ந்தவை. குடுமி, நிலை, தாழ் ஆகியன அதன் உறுப்புகள். நகர்கதவின் ஒருங்கியக்கத்தை விளக்க இவை போதா. இணைப்பு என்னும் பொதுச்சொல்லும் இங்குக் குழப்பம் தரும். இரு பலகைகளும் இணைக்கப்பட்டுள்ளன என்று மட்டும் கூறினால், ஒன்றைப் பூட்டியதும் மற்றதும் பூட்டப்பட்டதாகவே கற்பவர் கொள்வார். விறைத்த உறுப்பால் இணைத்த கதவுக்கு அது பொருந்தும்; வடத்தால் இணைத்த கதவுக்கு வடம் முழுமையாக உள்ளவரை மட்டுமே பொருந்தும்.

எனவே, இழுக்கவும் தள்ளவும் வல்ல உறுப்பால் அமைவதை 'விறைப்பிணைப்பு' என்றும், இழுக்க மட்டுமே வல்ல உறுப்பால் அமைவதை 'வடவழி இணைப்பு' என்றும் வழங்கலாம். பின்னதில் திறப்பு வழி, மூடல் வழி எனப் பிரித்துரைப்பதும் முன்னோடிப் பலகை, பின்தொடர் பலகை எனப் பெயரிடுவதும், பழுதின் இடத்தைக் கொண்டே அதன் விளைவைக் கணிக்கக் கற்பவருக்கு உதவும். தொழிற்பயிற்சிப் பாடங்களும் பராமரிப்புக் குறிப்பேடுகளும் தமிழில் எழுதப்படுகையில், இத்தகைய சொற்கள் பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும்.

முடிவுரை

மூடிய வடத்தால் இயங்கும் இரட்டை நகர்கதவில், இரு பற்றிடங்களுக்கிடையே உள்ள வடத்தின் நீளம் மாறாமையே ஒருங்கியக்கத்திற்கு அடிப்படை என்பது பெறப்பட்டது. பலகையை இரண்டாகப் பகுப்பதால், இயக்க ஆற்றல் கூடாமலேயே மூடும் நேரம் பாதியாகிறது. தொடக்க இழுவிசை போதிய அளவில் இருந்தால் மட்டுமே வடத்தின் இரு வழிகளும் விசையைப் பகிர்ந்துகொள்கின்றன. வடம் அறுவதன் விளைவுகள் சமமானவை அல்ல: திறப்பு வழி அறுந்தால் பழுது தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது, மூடல் வழி அறுந்தால் பழுது மறைந்து நிற்க இயலும். பின்தொடர் பலகைக்கெனத் தனி மின்தொடுகை வேண்டப்படுவது இதனாலேயே. ஆகவே தளக்கதவை ஆய்வோர் பூட்டை மட்டும் சோதித்து நிறைவடையாமல், பூட்டில்லாத பலகையைத் திறக்கும் திசையில் இழுத்துப் பார்ப்பதும், அதன் மின்தொடுகை உண்மையில் விலகுகிறதா எனக் காண்பதும் இன்றியமையாதன.